முன்பாதி வண்டி

இந்தப் பெட்டியில் ஒருவரிடமும் சூட்கேஸ் இல்லையே என்பது திலகவதிக்கு நாலாவது ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான் உறைத்தது. எதிரே உட்கார்ந்திருந்த கிழவர் மடியில் ஒரு நாய். அதற்கு அடுத்த பெண்ணிடம் ஒரு துணிப்பை, பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது வெங்காயத்தாளா, வெங்காயத்தாள் இத்தனை தடியாக இருக்குமா, ஜெர்மனியில் எல்லாமே தடியாகத்தான் இருக்கிறது. கதவோரம் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒருத்தி. விமானம் ஏறப்போகிறவள் சைக்கிளோடு போவாளா. சரி, ஏர்போர்ட்டில் வேலை பார்க்கிறவளாக இருக்கும், வேலை முடிந்ததும் சைக்கிளில் வீட்டுக்குப் போவாளாக இருக்கும். வெங்காயத்தாள்காரி ஏர்போர்ட் ஓட்டலில் சமைக்கிறவளாக இருக்கும். இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு உத்தியோகம் போட்டுக் கொடுத்துக்கொண்டே வந்ததில் கிழவருக்கும் நாய்க்கும் மட்டும் வேலை அகப்படவில்லை. நாய் அவளையே பார்த்தது. அவள் மடியில் இருந்த கைப்பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். கைப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் இரண்டு பாஸ்போர்ட், அவளுடையது ஒன்று, அவருடையது ஒன்று. விமான டிக்கெட், இந்த ரயிலின் டிக்கெட், இந்த ஊர் சிம் போட்ட ஒரே போன், எல்லாம் அவரிடம். அவர் இதே ரயிலில்தான் இருக்கிறார், பின்னால், எந்தப் பெட்டியிலோ. மூன்று நாற்பதுக்குச் சென்னை விமானம். இப்போது மணி என்ன? கைக்கடிகாரம் நாலேகால் என்றது, அது குரோம்பேட்டை நாலேகால், வந்த அன்றைக்கே மாற்றுங்கள் மாற்றுங்கள் என்று சொல்லி நாற்பது நாளாக அவர் மாற்றித் தரவில்லை. நாலேகாலில் மூன்றரை மணி நேரம் போனால் முக்காலா, ஒன்றே முக்காலா? விரல் விட்டு எண்ணினாள். முக்கால். பன்னிரண்டே முக்கால். நேரம் இருக்கிறது. நேரம் நிறைய இருக்கிறது, ஆனால் சூட்கேஸ் ஒன்றுகூட இல்லை.

பிளாட்பாரத்தில் அத்தனை கூட்டம் இருக்கும் என்று யார் கண்டார்கள். ஏதோ கால்பந்து போட்டியாம், கழுத்தில் சிவப்புத் துண்டு, கையில் பீர் பாட்டில், பட்டப்பகலில் பாட்டு. ரயில் வந்து நின்றதும் அவள் சின்னப் பையை இழுத்துக்கொண்டு ஏறிவிட்டாள், அவர் இரண்டு பெரிய சூட்கேஸோடு ஏறப்பார்த்தபோது சிவப்புத் துண்டுகள் வாசலை அடைத்துக்கொண்டன. அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "நீ உள்ள போ, நான் பின்னாடி ஏறிக்கறேன். எறங்கும்போது பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு சூட்கேஸ்களை உருட்டிக்கொண்டு போய்விட்டார். அவளும் யோசிக்கவில்லை, தலையை ஆட்டினாள். அதுதான் இப்போது நெஞ்சை அறுக்கிறது. ஆட்டாமல் என்ன செய்வாள், இருபத்தொன்பது வருஷத்துப் பழக்கம். தினமும் காலை எட்டு பன்னிரண்டு பீச் வண்டி. குரோம்பேட்டை ஸ்டேஷன் வரைக்கும் இருவரும் சேர்ந்து நடப்பார்கள், படி இறங்கியதும் அவள் லேடீஸ் பெட்டிக்கு, அவர் ஜெனரலுக்கு. எழும்பூரில் அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு இறங்கிக்கொள்வாள், அவர் கோட்டைக்குப் போய்விடுவார். சாயங்காலம் திரும்பும்போதும் அதே கதை, குரோம்பேட்டையில் இறங்கித் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் நிற்பது. எறங்கும்போது பாத்துக்கலாம். லேடீஸ் பெட்டியில் அவரைக்காய் நறுக்குவார்கள், மாமியாரைத் திட்டுவார்கள், சீட்டுக்கு ஆள் சேர்ப்பார்கள், ஒருத்திக்கு வளைகாப்பே நடந்தது. அவர் பெட்டியில் என்ன நடந்தது என்று இன்றைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. ஒரே ரயிலில் இத்தனை வருஷம் போனோம் என்று அவர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார், போனது என்னவோ உண்மைதான். மகள் கயல் பிறந்தபோதும் சரி, வீடு கட்டியபோதும் சரி, அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோதும் சரி, அந்த மனுஷன் வாயில் அதே வார்த்தைதான், பாத்துக்கலாம். பார்த்துக்கொள்ளவும் செய்தார், இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் எப்போதும் வேறு பெட்டியிலிருந்து.

கதவுக்கு மேலே ரயில் போகிற வழியைக் கோடு போட்டு ஒட்டியிருந்தார்கள். எழுந்து நின்று பார்த்தாள். கோடு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, புள்ளி புள்ளியாக ஸ்டேஷன்கள், ஒவ்வொரு பெயரும் ஒரு முழம். ஓரிடத்தில் வந்ததும் கோடு இரண்டாகப் பிளந்தது. ஒரு கோட்டின் முனையில் விமானம் படம். இன்னொரு கோட்டின் முனையில் ஒன்றுமில்லை, வெறும் ஊர்ப் பெயர். அப்படியென்றால் சில ரயில் அங்கே போகும், சில ரயில் இங்கே போகும், அவ்வளவுதானே, தாம்பரத்தோடு நிற்கிற வண்டியும் உண்டு, செங்கல்பட்டு வரைக்கும் போகிற வண்டியும் உண்டு, அதுபோலத்தான். இது எது? ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண் ஒரே ரயில், மாறவே வேண்டாம் என்றாள், சிரித்துக்கொண்டே வேறு சொன்னாள். கயல் ஜெர்மனியின் இன்னொரு மூலையில் இருக்கும் தன் ஊரிலிருந்து போன் பண்ணி, "அப்பா, டாக்ஸி போட்டுக்கோங்கப்பா, பெட்டியெல்லாம் வெச்சிக்கிட்டு ட்ரெயின்ல அல்லாடாதீங்க" என்று கெஞ்சினாள். கடைசி இரண்டு நாள் நாங்களே ஊர் சுற்றிவிட்டு நாங்களே ஏர்போர்ட் போய்க்கொள்கிறோம் என்று கிளம்பி வந்தது அவர் பிடிவாதம். "இருவத்தொம்பது வருஷம் எலக்ட்ரிக் ட்ரெயின்ல போனவன்மா நான், எனக்கே ரயில் சொல்லித் தரியா?" என்றார். அப்போது அவளுக்கும் சிரிப்பு வந்தது. அவள் அவர் கட்சிதான் பேசினாள், அதையும் மறைப்பானேன். திடீரென்று கூரையிலிருந்து ஒரு குரல் நீளமாக எதையோ சொன்னது. கிழவர் அசையவில்லை. வெங்காயத்தாள் அசையவில்லை. யாரும் பதறாததால் நல்ல செய்தியாகத்தான் இருக்கும் என்று உட்கார்ந்தாள், உடனே, நல்ல செய்தி என்றால் ஏன் இத்தனை நீளம் என்று மறுபடி எழுந்தாள். பின்னாலேயே நடந்து போய் அவரைப் பார்த்துவிட்டால் என்ன? பையை இழுத்துக்கொண்டு இரண்டு பெட்டி தூரம் நடந்தாள். மூன்றாவதன் கடைசியில் வழி இல்லை, பூட்டிய கதவு, கதவின் கண்ணாடிக்குள் டிரைவர் நாற்காலி ஒன்று ஆளில்லாமல் இருந்தது. ரயிலுக்கு நடுவில் எதற்கு ஒரு டிரைவர் நாற்காலி? திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அப்போதுதான் டிக்கெட் பரிசோதகர் வந்தாள். தடித்த பெண்மணி, தோளில் தொங்கிய மிஷின், மூக்கு நுனியில் கண்ணாடி. கிழவர் அட்டையைக் காட்டினார். நாய்க்கும் டிக்கெட் இருந்ததோ என்னவோ, இரண்டு முறை மிஷின் கீச்சிட்டது. அடுத்தது அவள். சென்னையில் இருபத்தொன்பது வருஷம் சீசன் டிக்கெட் ஒரு நாள்கூடத் தவறவிடாதவள், அறுபத்திரண்டு வயதில் அயல்தேசத்தில் டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டு, போலீஸ், ஜெயில், கயலுக்கு அவமானம். "டிக்கெட் வித் ஹஸ்பண்ட். ஹஸ்பண்ட் பேக் சைட்" என்றாள். அந்த அம்மாள் புருவத்தை உயர்த்தியதும் பதற்றத்தில் வாய் தானாகத் திறந்து, "ப்ளீஸ் ஹோல்ட் த லைன்" என்றது. டிரங்க் கால் போட்டுக் கொடுத்த காலத்தில் நாளைக்கு ஐந்நூறு தடவை சொன்ன வாக்கியம், வேறெந்த இங்கிலீஷும் ஆபத்துக்கு வரமாட்டேன் என்கிறது. பரிசோதகர் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அவளுடைய பையைப் பார்த்தாள், பையில் சுற்றியிருந்த மஞ்சள் ரிப்பனைப் பார்த்தாள், "ஏர்போர்ட்?" என்றாள். "யெஸ் மேடம், ஏர்போர்ட்." "திஸ், நோ ஏர்போர்ட்." பிறகு இரண்டு கையையும் முஷ்டியாக்கி ஒன்றோடொன்று ஒட்டி வைத்தாள். இது ரயில் என்றாள். முஷ்டிகளைப் பிரித்தாள். முன்னால் இருந்த முஷ்டி இந்தப் பக்கம் போயிற்று, பின்னால் இருந்த முஷ்டி அந்தப் பக்கம் போயிற்று. பின்முஷ்டியை ஆட்டிக் காட்டி ஏர்போர்ட் என்றாள். முன்முஷ்டியை ஆட்டி, நீ என்றாள். இரண்டு விரலைக் காட்டினாள், இன்னும் இரண்டாவது ஸ்டேஷன். நாலு விரலைக் காட்டினாள், நாலு நிமிஷம் நிற்கும். ஓடு என்று கையாலேயே சொன்னாள். டிக்கெட்டைப் பற்றி அப்புறம் அவள் பேச்சே எடுக்கவில்லை.

ஆக, ரயில் பிய்ந்து இரண்டாகப் போகும். அவர் பின்பாதியில், ஏர்போர்ட்டுக்கு. அவள் முன்பாதியில், வெங்காயத்தாள் ஊருக்கு. இறங்கிப் பின்னால் போக வேண்டும், அவ்வளவுதான், குழந்தைகூடச் செய்யும். ஆனால் அவருக்கும் யாராவது முஷ்டியைக் காட்டியிருந்தால்? அவர் தன்னைத் தேடி முன்னால் வருவார். அவள் அவரைத் தேடிப் பின்னால் போவாள். அவள் ஏர்போர்ட்டில் போய் இறங்குவாள் பாஸ்போர்ட்டோடு, அவர் டிக்கெட்டையும் போனையும் வைத்துக்கொண்டு நாய்க்காரர் ஊரில் நிற்பார். அப்படியானால் அவள் இறங்காமலே இருந்துவிட்டால்? அவர் வருவார். வருவாரா? கூடுவாஞ்சேரி ஞாபகம் வந்தது, வராமல் எப்படி இருக்கும், வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே வந்துவிட்டது. கயலுக்கு அப்போது ஆறு வயது, திலகவதிக்குக் காய்ச்சல், மழை. லேடீஸ் பெட்டி ஜன்னலில் தலையைச் சாய்த்தவள் தூங்கிப்போய், கண்விழித்தபோது குரோம்பேட்டையும் தாம்பரமும் போய் கூடுவாஞ்சேரி. பதறிப்போய் இறங்கினாள். அப்போது ஏது கைபேசி. திரும்பிப் போகிற வண்டி இரண்டு வந்தது, ஏறவில்லை, குழாயடியில் தன்னைக் காணாமல் அடுத்த வண்டியைப் பிடித்துத் தேடிக்கொண்டு வருவார், நாம் ஏறிவிட்டால் அந்த மனுஷன் எங்கே என்று தேடுவார், பாவம் என்று மழைச்சாரலில் நின்றாள். இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம் நின்றாள். வந்தார். வந்து பக்கத்தில் நின்றபோது அவர் மூச்சில் காப்பி வாசம் அடித்தது. "அடுத்த வண்டில வந்துடுவன்னு நெனச்சேன். பாப்பா வேற பசின்னுச்சு" என்றார். வீட்டுக்குப் போய், காப்பி போட்டு, ஆற்றிக் குடித்து, அப்புறம்தான் கிளம்பியிருக்கிறார். அதற்கும் மேலே ஒரு சட்டம் வேறு போட்டார், "இனிமே தவறிப்போனா இருக்கற எடத்துலயே நில்லு. நானா வந்து கூட்டிட்டுப் போவேன்." அன்றைக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. காப்பியில் சர்க்கரை சரியாக இருந்ததா என்று கேட்டிருக்கலாம். தன்னைத் தேடி வந்தாரா, அல்லது மறந்துவைத்த குடையை எடுத்துப் போக வருவதுபோல வந்தாரா என்று இருபத்தெட்டு வருஷமாக ஒரு கேள்வி உள்ளேயே கிடக்கிறது, காய்ச்சல் வரும்போதெல்லாம் அதுவும் கூடவே வரும். இப்போது காய்ச்சல் இல்லை, ஆனாலும் வந்திருக்கிறது. இருக்கிற இடத்திலேயே இருந்தால் அவர் சட்டப்படி அவர் வர வேண்டும். இருந்து பார்த்துவிடலாமா? விமானம் போகட்டும், பாஸ்போர்ட் கிடக்கட்டும், தேடுகிறாரா இல்லையா என்று ஒரே ஒரு தடவை தெரிந்துகொண்டுவிட்டால் போதும் போலிருந்தது. அசட்டு ஆசை என்று தெரிந்தது. தெரிந்தும் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் அந்த ஆசையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த ஸ்டேஷன் போனதும் எழுந்து கதவருகே போய் நின்றாள்.

கதவு திறந்ததும் இறங்கினாள். சின்னப் பையின் ஒரு சக்கரம் சுற்றமாட்டேன் என்றது, சென்னையிலேயே மாற்றுங்கள் என்று சொன்ன சக்கரம், பாத்துக்கலாம் என்று சொன்ன சக்கரம், தூக்கிக்கொண்டே ஓடினாள். கயல் வாங்கித் தந்த ஷூவில் ஓட்டம் வந்தது என்னவோ நிஜம். பிளாட்பாரத்தின் நடுவில் கண்ணாடியால் கட்டிய பெரிய காத்திருக்கும் அறை, அதன் ஒரு பக்கமாகப் போனாள், சிவப்புத் துண்டுக்காரர்கள் கூட்டமாக இறங்கிப் பாடிக்கொண்டு அவளுக்கு எதிரே வந்தார்கள், எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீ, தள்ளுங்கப்பா. முன்பாதி முடிகிற இடமும் பின்பாதி தொடங்குகிற இடமும் வந்துவிட்டன. மூஞ்சியோடு மூஞ்சி ஒட்டியிருந்த இரண்டு வண்டிக்கும் நடுவில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. பின்பாதியின் முதல் ஜன்னலிலேயே தெரிந்தன, மஞ்சள் ரிப்பன் கட்டிய இரண்டு சூட்கேஸ்கள், ஒன்றின்மேல் அவருடைய பழுப்புக் குல்லாய். பக்கத்தில் ஒரு சிவப்புத் துண்டுப் பையன் காவல்காரன் மாதிரி சூட்கேஸ்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். அவர் இல்லை. இருக்கையில் இல்லை, வாசலில் இல்லை. அந்தப் பையன் அவளைப் பார்த்தான், சூட்கேஸ் ரிப்பனையும் அவள் பை ரிப்பனையும் மாறி மாறிப் பார்த்தான், புரிந்துகொண்டு முன்பக்கமாகக் கையை நீட்டி நீட்டிக் காட்டினான். அவர் முன்னால் போய்விட்டார். தேடிக்கொண்டு போய்விட்டார். கண்ணாடி அறைக்கு அந்தப் பக்கமாக அவர் ஓட, இந்தப் பக்கமாக அவள் ஓடிவந்திருக்கிறாள். முதலில் மனசு குளிர்ந்தது, வெட்கமே இல்லாமல் குளிர்ந்தது. அடுத்த நொடி முன்பக்கமாகத் திரும்பினாள். திரும்பி ஓடுவதா, இங்கேயே நிற்பதா, திரும்பி ஓடினால் அவர் அந்தப் பக்கமாகத் திரும்பி வந்தால், நின்றால் அவர் வராமலே போய்விட்டால். எத்தனை நிமிஷம் ஆயிற்று, நாலில் எத்தனை மிச்சம்? பிரிகிற இடத்திலேயே நின்றாள். எந்தப் பாதியிலிருந்து எந்தப் பாதிக்குப் போனாலும் இதைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று ஒரு கணக்கு, கணக்கு சரிதானா என்று யோசிக்க நேரமில்லை.

கூட்டம் வடிந்தது. தூரத்தில், முன்பாதியின் முதல் கதவுக்குப் பக்கத்தில், அவர். ஜன்னல் ஜன்னலாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போகிறார், கையை நெற்றியில் வைத்துக் கண்ணாடிக்குள் உற்று உற்றுப் பார்க்கிறார், சட்டை வெளியே வந்து பின்னால் தொங்குகிறது. முன்பாதியின் கதவுகள் பீப் பீப் என்று கத்தத் தொடங்கின. அவர் நிமிர்ந்தார். ஒரு காலைத் தூக்கி அந்தக் கதவுக்குள் வைத்தார். உள்ளே ஏறித் தேடப்போகிறார், ஐயோ, ஏறினால் போச்சு. "ஏங்க!" என்று கத்தினாள். குரல் பாதித் தூரம்கூடப் போகவில்லை. "ஏங்க! இங்க!" இன்னொரு காலும் தரையை விட்டுக் கிளம்பியது. எக்ஸ்சேஞ்சில் மதுரைக்கும் பம்பாய்க்கும் யார் யார் பெயரையெல்லாமோ நாள் முழுக்க உரக்கச் சொன்ன வாய், கல்யாணமான முப்பத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு பெயரை மட்டும் சொன்னதில்லை; ரேஷன் கார்டில் எழுதியிருக்கிறாள், ஆஸ்பத்திரியில் கேட்டபோது கயலை விட்டுச் சொல்ல வைத்திருக்கிறாள், வாயால் ஒரு நாளும் இல்லை.

"தட்சிணாமூர்த்தி!"

அந்தப் பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. அவர் தூக்கிய காலோடு அப்படியே நின்றார், யாரோ மேலதிகாரி கூப்பிட்டுவிட்டதுபோல. பின்னுக்கு ஒரு அடி வைத்தார். கதவு அவர் மூக்குக்கு முன்னால் சாத்திக்கொண்டது. முன்பாதி நகர்ந்தது, நாயும் கிழவரும் சைக்கிளும் வெங்காயத்தாளும் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்க, அவர் எதிர்த்திசையில் ஓடிவந்தார். அறுபத்தாறு வயதில் அவர் ஓடி அவள் பார்த்ததே இல்லை. நன்றாகவே இல்லை, கையும் காலும் தனித்தனியாக ஓடின. வந்ததும் மூச்சு வாங்க வாங்க, "உன்ன யாரு எறங்கச் சொன்னா? இருக்கற எடத்துலயே இருன்னு எத்தினி வாட்டி..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மூச்சில் வியர்வையும் பயமும் தவிர வேறு எந்த வாசமும் இல்லை. அவள் அவரை வாசலுக்குள் தள்ளி, பையைத் தள்ளி, தானும் ஏறினாள். சிவப்புத் துண்டுப் பையன் பெரிதாகக் கைதட்டினான்.

ஜன்னலோரம் இரண்டு இருக்கை காலியாக இருந்தது. அவள் உட்கார்ந்தாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்தார், முழங்கால் இடித்துக்கொண்டது. கூரைக் குரல் மறுபடி நீளமாக எதையோ சொல்லிற்று. அவர் மேலே பார்த்தார், வெளியே பார்த்தார், கதவுக்கு மேல் இருந்த கோட்டைப் பார்த்தார், போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். ஒரு ஸ்டேஷன் போயிற்று. பிறகு அவர் மெல்ல அவள் பக்கம் சாய்ந்தார்.

"ரெண்டு பாதியும் வேற வேற எடத்துக்குப் போவுதுன்னு அந்தப் பையன் கையக் கைய ஆட்டிச் சொன்னான், எது எங்கன்னு எனக்குப் புரியல. உன்ன எப்பிடியாவது புடிச்சுடணும்னு ஓடியாந்துட்டேன்" என்றார். "இது ஏர்போர்ட்டுக்குத்தானே போவுது?"

திலகவதிக்கு அந்தப் பின்முஷ்டி கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றி, நேரம் மாற்றித் தரச்சொல்லி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"எறங்கும்போது பாத்துக்கலாம்" என்றாள்.